திருப்புன்கூரில் நந்தி விலகக் கண்ட திருநாளைப்போவார் நாயனார்

சோழ வளநாட்டில், வைத்தீஸ்வரன்கோயிலுக்கு மேற்கே ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது திருப்புன்கூர் என்னும் சிவத்தலம். இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. புங்க மரம் தலவிருட்சம். சுவாமி சிவலோகநாதர், அம்பாள் சௌந்தரநாயகி. திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரமூர்த்தி நாயனார் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற பெருமை வாய்ந்த தலம் இது.

சிவாலயங்களில் நந்தியெம்பெருமான் மூலவருக்கு நேர் எதிரே, அவரையே நோக்கியபடி எழுந்தருளியிருப்பதை அடியார்கள் அனைவரும் அறிவர். பிரதோஷ காலத்தில் நந்தியின் இரு கொம்புகளுக்கிடையே சிவலிங்கத்தைத் தரிசிப்பது மரபு. ஆனால் திருப்புன்கூரில் அவ்வாறில்லை. அங்கே நந்தி நேர்கோட்டிலிருந்து சற்று ஒதுங்கியே இருக்கிறார். சிற்பி செய்த பிழையுமன்று. திருப்பணி செய்தவர்களின் கவனக்குறைவுமன்று. வாயிலுக்கு வெளியே நின்ற ஓர் அடியவர் உள்ளே பார்ப்பதற்காக இறைவனே நந்தியை விலகியிருக்கச் செய்தார் என்பது அத்தலத்தின் வரலாறு. அந்த அடியவர்தான் நந்தனார் என்று உலகம் அறிந்த திருநாளைப்போவார் நாயனார்.

திருப்புன்கூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. மழையின்றி வாடிய காலத்தில், மழை பெய்தால் பன்னிரண்டு வேலி நிலம் கோயிலுக்குத் தருவதாகவும், பெய்த மழை வெள்ளமாகி வருத்தியபோது அது நின்றால் மேலும் பன்னிரண்டு வேலி தருவதாகவும் ஊரார் வேண்டிக்கொள்ள, இறைவன் அவ்வாறே அருளினார் என்பதைச் சுந்தரர் தமது பதிகத்தில் பாடியுள்ளார். இருபத்துநான்கு வேலி நிலம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த அருளும் அங்கேதான். கொடுப்பதற்கு ஒரு துண்டு தோலைத் தவிர வேறெதுவும் இல்லாதவருக்குக் கிடைத்த அருளும் அங்கேதான்.

நந்தனார் வாழ்ந்த ஆண்டு இன்னதென்று கல்வெட்டோ ஏடோ கூறவில்லை. சுந்தரர் தமது திருத்தொண்டத்தொகையில் அவரைப் போற்றியிருப்பதனால், அவர் சுந்தரர் காலத்துக்கு முற்பட்டவர் என்பது தெளிவு. ஆதிசைவ அந்தணர் குலத்திற் பிறந்து, அரசரால் மகனாக வளர்க்கப்பட்ட சுந்தரர், தீண்டாதார் என்று ஊர் ஒதுக்கிய குலத்தில் வந்த ஒருவருக்குத் தம்மை அடியேன் என்று சொல்லிக்கொள்கிறார். அந்தப் பதிகத்தில் அவர் வைத்த வரிசையும் கவனிக்கத்தக்கது. கழுத்தளவு நீரில் நின்று இரவும் பகலும் ஸ்ரீருத்திரம் ஓதிய அந்தணரான உருத்திரபசுபதி நாயனார் ஒருபுறம். அடியார்களின் துணி வெளுத்துத் தொண்டு செய்த திருக்குறிப்புத்தொண்ட நாயனார் மறுபுறம். இவ்விருவருக்கும் நடுவே நந்தனார். பின்னர் நம்பியாண்டார் நம்பி தமது திருவந்தாதியில் இவரது ஊரையும் குலத்தையும் தில்லையில் பெற்ற பேற்றையும் சுருக்கமாகப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இவரது வரலாற்றை விரித்துரைத்தார்.

கொள்ளிட நதி வளஞ்செய்யும் மேற்காநாட்டிலே ஆதனூர் என்பது நந்தனாரின் ஊர். வயலும் சோலையும் நிறைந்த அவ்வூரின் புறத்தே, வயல் ஓரமாக ஒரு சேரி இருந்தது. சேக்கிழார் ஒரு பெரிய அரசின் அமைச்சராக இருந்தவர். அரண்மனையையும் அரசவையையும் கண்ட அவரது கண், அந்தச் சேரியைக் கூர்ந்து பார்த்திருக்கும் விதம் வியக்க வைப்பது. வைக்கோல் வேய்ந்த சிறு குடில்களின் கூரை மேல் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. முற்றத்தில் தாய்க்கோழி குஞ்சுகளோடு மேய்கிறது. கையில் இரும்புக் காப்பிட்ட சிறுவர்கள் நாய்க்குட்டிகளோடு விளையாடுகிறார்கள். உழைத்துக் களைத்த பெண்கள் பாடியபடி நெற்குற்றுகிறார்கள். மர நிழலில் தோலின் மேல் குழந்தை உறங்குகிறது. மாமரக் கிளையில் பறை தொங்குகிறது. கோயில் இருக்கும் வீதியை வருணிப்பதிற் காட்டும் அதே அக்கறையோடு சேரியையும் வருணித்த பெரியோர் நமது புராண இலக்கியத்தில் வேறெவரும் உளரோ என்பது ஐயமே.

அச்சேரியில் பிறந்த நந்தனார், உணர்வு தெரிந்த நாள்முதல் சிவபெருமானையன்றி வேறொன்றை நினையாதவராக வளர்ந்தார். ஊருக்குப் பணிசெய்யும் உரிமைக்காக விடப்பட்டிருந்த நிலத்தின் விளைவைக்கொண்டு சீவனம் செய்தார். குலத்தொழிலாக அவர் கையில் வந்தது தோல் வேலை. அதையே இறைபணி ஆக்கினார். சிவாலயங்களில் ஒலிக்கும் பேரிகை முதலான வாத்தியங்களுக்குப் போர்வைத்தோலும், அவற்றை இறுக்கிக் கட்டும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் வேண்டிய நரம்பு கொடுத்தார். அர்ச்சனைக்கு வேண்டிய கோரோசனையும் கொடுத்தார். இவற்றுக்கு விலை வாங்கினார் என்று புராணம் கூறவில்லை.

அவர் கொடுத்த தோல் பேரிகையில் ஏறி மண்டபத்துக்குள் போயிற்று. அவர் கொடுத்த நரம்பு வீணையில் ஏறிச் சந்நிதிக்குச் சென்றது. கோரோசனையோ சுவாமியின் திருமேனியையே சென்றடைந்தது. கொடுத்தவர் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றார். அன்றைய வழக்கம் அது. அவர் அவ்வழக்கத்தை எதிர்த்து ஒரு சொல்லும் சொன்னதாகத் தெரியவில்லை. வெளியே நின்றபடியே அன்பு மிகுந்து ஆடுவார், பாடுவார், கண்ணீர் சொரிவார். நாயன்மார் சிலர் பாடிய பாடல்கள் திருமுறைகளிற் சேர்ந்து நமக்குக் கிடைத்திருக்கின்றன. நந்தனார் வாயிலில் நின்று பாடியவற்றுள் ஒன்றேனும் கிடைத்திலது. அவர் பாட்டை ஏட்டில் எழுதி வைக்க அருகில் யாரும் நின்றிருக்க மாட்டார்கள்.

இவ்வாறு இருக்கும் நாளில் திருப்புன்கூர்ச் சிவலோகநாதரைத் தரிசிக்கவேண்டும், அக்கோயிலுக்குத் தம்மாலான பணியைச் செய்யவேண்டும் என்ற ஆசை அவருக்கு எழுந்தது. ஆதனூரிலிருந்து புறப்பட்டுத் திருப்புன்கூரை அடைந்து திருவாயிலின் முன் நின்றார். உள்ளே விளக்கொளி தெரிகிறது, மூலவரைக் காணவில்லை. நேர் எதிரே நந்தி மறைத்திருக்கிறது. மற்றையோர் ஆயின் நந்தியைக் கடந்து உள்ளே போய்விடுவர். நந்தனாருக்கோ அந்த வழி இல்லை. நேரே நின்று கும்பிடவேண்டும் என்ற ஏக்கம் ஒன்றுதான் இருந்தது.

அடியவர் உள்ளத்தை அறிந்த இறைவன், எதிரே இருந்த ஏற்றை விலகும்படி செய்து, வெளியே நின்ற அன்பர் கண்ணுக்குப் புலப்பட்டருளினார். நந்தி விலகிற்று. நந்தனார் கண்டார்; கும்பிட்டார்; நிலத்தில் வீழ்ந்து எழுந்தார்.

தரிசித்த மகிழ்ச்சியோடு அவர் திரும்பிவிடவில்லை. கோயிலின் பக்கத்தே ஒரு பள்ளத்தைக் கண்டார். அதனைக் கோயிலுக்கேற்ற குளமாக வெட்டினார். பெரிய குளத்தைத் தனி ஒருவர் வெட்டுவது எங்ஙனம் என்று பிற்காலத்தவர் நினைத்தனர்போலும். விநாயகப் பெருமான் துணைநின்று வெட்டிக்கொடுத்தார் என்னும் கதை அத்தலத்தில் வழங்குகிறது. குளம் வெட்டிய விநாயகர் என்ற பெயரோடு பிள்ளையார் அங்கே இருக்கிறார். சேக்கிழாரோ நந்தனார் குளம் வெட்டியதை மாத்திரம் சொல்லி அப்பாற் செல்கிறார். மண்வெட்டி பிடித்துப் பழகிய கைக்கு அது அரிதாக அவருக்குத் தோன்றவில்லை. கோயிலை வலம்வந்து, விடைபெற்று, நந்தனார் தம் ஊர் சேர்ந்தார். இவ்வாறே வேறு பல தலங்களுக்கும் சென்று, வெளியே நின்று வணங்கித் தொண்டு செய்து வந்தார்.

பின்னர் தில்லை நினைவு வந்தது. பொன்னம்பலத்திலே ஆடும் பெருமானைக் காணவேண்டும் என்ற ஆசை பிறந்த அன்றிரவு அவர் கண் மூடவில்லை. விடிந்ததும் புறப்பட நினைப்பார். தம் குலத்தை நினைத்து, தில்லைக்குள் போவது தமக்கு இசையாதே என்று தயங்கி நிற்பார். ஆசை மீண்டும் மேலெழும். நாளைக்குப் போவேன் என்பார். அந்த நாளையும் இப்படியே கழியும். திருப்புன்கூருக்குப் புறப்பட்டபோது இந்தத் தயக்கம் இருந்ததாகப் புராணத்தில் இல்லை. தில்லை மூவாயிரவர் வேள்வி வளர்க்கும் ஊர், மதில் சூழ்ந்த பெரிய ஊர், சைவத்தின் கோயில் என்றே பெயர் பெற்ற ஊர். கோயில் பெரிதாகப் பெரிதாக அவருக்கு வாயில் சிறிதாகத் தோன்றியிருக்கிறது. நாளைக்குப் போவேன் என்ற அந்தச் சொல்லே அவர் பெயராயிற்று. ஒருவருடைய ஆற்றாமை அவருக்குத் திருப்பெயராக அமைந்து, அதைச் சொல்லி அந்தணரும் அரசரும் வணங்குவது அறுபத்துமூவர் வரலாற்றில் இவருக்கு வாய்த்த தனிச்சிறப்பு.

நாட்கள் பல சென்றபின், ஒரு நாள் ஆசையே வென்றது. நந்தனார் தில்லை எல்லையை அடைந்தார். வேள்விப் புகை எழுவதையும் வேதம் ஓதும் ஒலியையும் கண்டுங் கேட்டும் உள்ளே செல்ல அஞ்சினார். எல்லையிலேயே நின்று வணங்கி, ஊரின் புறத்தே வலம் வந்தார். இரவும் பகலும் இவ்வாறே சுற்றினார். தோளாற வணங்குவது எப்படி, இந்தப் பிறவியே தடையாயிற்றே என்று வருந்தியபடி அயர்ந்து கண்துயின்றார்.

அம்பலத்தாடும் பெருமான் அவர் கனவில் தோன்றினார். இப்பிறவி நீங்க எரியில் மூழ்கி, முப்புரிநூல் மார்பரோடு தம்மிடம் வரும்படி பணித்தார். தில்லைவாழ் அந்தணர் கனவிலும் தோன்றி எரி அமைக்கும்படி கட்டளையிட்டார். அந்தணர்கள் அச்சத்தோடு திருவாயில் முன் கூடிப் பேசி, நந்தனாரைத் தேடி வந்தார்கள். பெருமான் ஆணைப்படி தங்களுக்கு எரி அமைக்க வந்திருக்கிறோம் என்று, ஐயரே என மரியாதையுடன் அழைத்துச் சொன்னார்கள். இந்த இடத்தைப் படிப்போர் கவனிக்கவேண்டும். தீயில் இறங்கிய பின்பு வந்த மரியாதையன்று இது. இறங்குவதற்கு முன்னே, பழைய திருமேனியோடு நின்றவருக்குச் செய்த மரியாதை.

தென்திசை மதிலின் புறத்தே குழி அமைத்து எரி வளர்த்தார்கள். நந்தனார் அதனை வலம் வந்து, கைகூப்பி, ஆடும் திருவடியை நினைந்து உள்ளே புகுந்தார். பொய்யான உருவம் நீங்க, சடைமுடியும் பூணூலும் விளங்கும் முனிவர் வடிவாக எழுந்தார். வானவர் மலர்மாரி பொழிந்தனர். அந்தணர் கைதொழுதனர். அவர்களோடு கோபுரத்தைத் தொழுது உள்ளே விரைந்து சென்றவர், ஆனந்தக் கூத்தாடும் எல்லையை அடைந்தார். அதன்பின் அவரை யாரும் காணவில்லை. உடன் சென்றவர்கள் அதிசயித்து நின்றார்கள். பெருமான் திருவடியில் அவர் கலந்தார்.

தீயில் புகவேண்டியிருந்தது ஏன் என்ற கேள்வி இக்கதையைக் கேட்கும் பிள்ளைகளுக்கும் எழும். பெரியோர் பலர் பலவாறு சமாதானம் கூறியுள்ளனர். ஆணவ மலம் நீங்குவதன் குறியீடு என்பாரும் உளர். திருவருட் செயலுக்கு நாம் காரணம் கற்பித்தல் ஆகாது என்பாரும் உளர். ஆயினும் தில்லையைப் பேசுவோர் திருப்புன்கூரை மறந்துவிட்டுப் பேசுதல் முறையன்று. திருப்புன்கூரில் எரி வளர்க்கப்படவில்லை. நந்தனார் மாறவில்லை, மாறியது நந்தி. தோல் பதப்படுத்திய அதே கையைக் கூப்பி நின்ற அதே மனிதருக்கு, அதே சிவபெருமான் காட்சி கொடுத்தார். எரி இறைவனுக்குத் தேவையாக இருந்திருந்தால் திருப்புன்கூரிலும் தேவையாக இருந்திருக்கும். அது பார்த்திருந்தோருக்காக வேண்டியிருந்தது என்று கொள்வதே இரண்டு தலங்களின் வரலாற்றையும் சேர்த்துப் படிப்போருக்குப் பொருந்துவதாகும்.

நந்தனார் கதை என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் வருவது கொடுமைக்கார வேதியரும் அவருடைய பண்ணையாளும்தான். சேக்கிழார் பாடிய புராணத்தில் அந்த வேதியர் இல்லை. அவரைப் படைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாயூரத்தை அடுத்த ஆனதாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுவடை செய்தபின்பே சிதம்பரம் போகலாம் என்று வேதியர் கட்டளையிட, சிவகணங்கள் ஓர் இரவில் அதைச் செய்து முடிக்க, வேதியர் நந்தனாரின் காலில் விழுவதாக அவர் கதையை வளர்த்தார். 1860களின் தொடக்கத்தில் அவரது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை காரைக்காலில் அச்சேறியது. மூலநூலில் இல்லாததைச் சேர்த்ததும், இலக்கணப் பிழைகள் இருந்ததும் காரணமாக மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் தராமல் பலமுறை தட்டிக்கழித்தார். ஒரு நாள் பாரதியார் காத்திருந்த வேளையில் தம்மை மறந்து பாட, அதைக் கேட்டு உள்ளம் உருகிப் பாயிரம் கொடுத்தார் என்பது உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்த செய்தி.

புராணத்தை மாற்றியது சரியா என்று பண்டிதர்கள் இன்றும் வாதிடலாம். அடிமைப்பட்ட உழவனின் கண்ணீரை ஊரறியச் செய்தது பாரதியாரின் கீர்த்தனைதான். கதாகாலட்சேபம், நாடகம் என்று அது பரவிற்று. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த திரைப்படங்கள் வந்தன. யாழ்ப்பாணத்து மேடைகளில் நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் ஆடிய இசைநாடகங்களுள் பக்த நந்தனாரும் ஒன்று. சிதம்பரத்திலேயே சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் நிறுவி, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். பூணூலும் சடையும் பெறாமலே பிள்ளைகள் படித்து முன்னேற அது வழிசெய்தது.

ஈழநாட்டுச் சைவர்களுக்கும் நந்தனார் அந்நியரல்லர். நல்லூர் ஆறுமுகநாவலர் பெருமான் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டபின், பாட்டை விளங்கமாட்டாதவர்களும் அவர் வரலாற்றை வாசித்தறிந்தனர். கோயில்களில் புராணபடனம் நடக்கும்போது ஒருவர் பாட்டைப் படிக்க, ஒருவர் பயன் சொல்ல, கேட்டவர்கள் நந்தி விலகிய இடத்தில் அரோகரா என்றனர். அறுபத்துமூவர் திருவுருவங்களை வைத்துப் பூசித்த சிவாலயங்களில் நந்தனாரும் உள்வீதியில் இருந்தார். அதே காலத்தில், அதே கோயில்கள் பலவற்றில், பறைமேளம் முழக்கியவர்கள் வெளிவீதியோடு நிறுத்தப்பட்டார்கள். பந்தலுக்கு ஓலை கொண்டுவந்தவரும் தேர்வடம் திரித்தவரும் வாசலில் நின்று கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்பினார்கள். பயன் சொன்னவர்களுக்கு இது பெரிதாகப் படவில்லை. கதையில் விலகிய நந்தி ஊரில் விலகவில்லை.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயிலுக்குள் செல்வதைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. சட்டம் வந்தவுடன் எல்லாக் கதவுகளும் திறந்தன என்று சொல்வதற்கில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாவின்போது, உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டு மக்கள் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களும் நாளைக்கு, நாளைக்கு என்று பல தலைமுறை காத்திருந்தவர்களே. பின்னர் ஒவ்வொரு கோயிலாகத் திறக்கப்பட்டது. சில இடங்களில் மனமுவந்து திறந்தார்கள். சில இடங்களில் வேறு வழியின்றித் திறந்தார்கள். அன்று வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தேவாரம் ஓதுவதையும் திருவிழா உபயம் ஏற்பதையும் பல ஆலயங்களிற் காணலாம். சங்கடம் இன்றும் தீராத ஆலயங்களும் இல்லாமல் இல்லை.

திருநாளைப்போவார் நாயனாரின் குருபூசை புரட்டாதி மாதத்து உரோகிணி நட்சத்திரத்தில் வருகிறது. நவராத்திரியை ஒட்டிய வேலைகளின் நடுவே வருவதனால் பல கோயில்களில் ஒரு தீபாராதனையோடு முடிந்துவிடுகிறது. அவருடைய புராணம் 37 பாடல்களே. மாலைப் பூசை முடிந்த கையோடு தொடங்கினால், படித்துப் பயன் சொல்லி அன்றிரவே நிறைவு செய்துவிடலாம்.